டிவி வயரை வெட்டிய அப்பாவும் பேச மறுக்கும் மகனும்

கேள்வி: அக்கா, நாங்கள் திருநகர்ப் பக்கம் இருக்கிறோம். நான் பசுமலையில் பிறந்தவள், சி.எஸ்.ஐ. குடும்பம். கணவர் வயரிங் வேலை எடுத்துச் செய்கிறார். ஒரு காலத்தில் ரசிகர் மன்றமே கதி என்று கிடந்தவர், பத்து வருஷத்துக்கு முன்னால் இரட்சிக்கப்பட்டு இப்போது ஒரு பெந்தெகொஸ்தே சபையில் ஊக்கமாக இருக்கிறார். மகன் பிளஸ் ஒன், மகள் ஏழாவது. மகளின் பிறந்தநாளன்று குடும்பமாக உட்கார்ந்து ஓடிடியில் ஒரு படம் போட்டோம். பாதியில் படுக்கைக் காட்சி வந்துவிட்டது. ரிமோட்டைக் காணோம், மாமியார் ‘ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்’ என்று கண்ணை மூடிக்கொண்டார், கணவர் எழுந்து போய்க் கட்டிங் பிளேயரைக் கொண்டுவந்து வயரையே வெட்டிவிட்டார். மறு வாரம் டிவியையும் விற்றாச்சு. இரண்டு மாதம் கழித்து, ராத்திரி ஒரு மணிக்குப் போர்வைக்குள் மகன் போனில் ஏதோ வெப் சீரிஸ் பார்த்தபோது பிடிபட்டான். அடிக்கவில்லை. ஆனால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் முன்னால் நிறுத்தினார். எண்ணெய் பூசி, எல்லாரும் பார்க்க, கண்களின் இச்சை விலக ஜெபம் நடந்தது. அன்றிலிருந்து மகன் அப்பாவோடு பேசுவதில்லை, வாலிபர் கூட்டத்துக்கும் போவதில்லை. சினிமா பார்ப்பது பாவமா? என் கணவர் செய்தது சரியா? இன்னொன்று, எழுதவே கூச்சமாக இருக்கிறது. சமையலறையில் இயர்போன் மாட்டிக்கொண்டு நானும் தினம் இரண்டு சீரியல் பார்க்கிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தக் கடைசி வரியைத்தான். அப்பா வயரை வெட்டுகிறார், மகன் போர்வைக்குள் பார்க்கிறான், அம்மா இயர்போனில் பார்க்கிறாள். மாமியார் எங்கே பார்க்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை, சாயங்காலம் ஏழரை மணிக்குப் பக்கத்து வீட்டுக்கு என்ன காரணம் சொல்லிப் போகிறார் என்று ஒருநாள் கவனியுங்கள். இருபது வருஷத்துக்கு மேலாக அரசரடிப் பக்கம் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து குடும்பங்களின் வழக்கைக் கேட்கிறேன். டிவியை வெளியே தூக்கிப்போட்ட வீடுகளில் டிவி போனதாக நான் பார்த்ததே குறைவு. ஆளுக்கு ஒரு மூலையில் போய் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான்.

கேட்டதற்கு முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். சினிமா பார்ப்பதே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் கணவர் வயரை வெட்டியதில் எனக்குப் பெரிய குறை இல்லை, அவர் வீட்டு வயர், அவர் வாங்கிய கட்டிங் பிளேயர். பதினாறு வயசுப் பையனைச் சபை நடுவில் நிறுத்தினாரே, அதில்தான் குறை. இனி எழுதுவது நீளமாகப் போகும், சீரியல் நேரத்தில் படியுங்கள்.

கணவர் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். மதுரையில் ரசிகர் மன்றம் என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும், உங்களுக்குத் தேவையில்லை. விடியற்காலையில் கட்அவுட்டுக்கு மாலை, குடம் குடமாகப் பால், பட்டாசு, முதல் காட்சிக்கு முன்னாலேயே இரண்டு ரவுண்டு, எதிர் மன்றத்துக்காரனோடு அடிதடி, மன்றக் கொடிக்கு அம்மாவின் கம்மல் அடகு. இப்படிப்பட்ட ஓட்டத்திலிருந்து வெளியே வந்த ஆளுக்கு டைட்டில் மியூசிக் ஆரம்பித்தாலே அந்தப் பழைய வாடை மொத்தமும் மூக்கில் ஏறும். உங்களுக்கு அது வெறும் படம். பசுமலையில் ஞாயிறு சாயங்காலம் அப்பா அம்மாவோடு கடலை கொறித்துக்கொண்டே பார்த்துப் பழகியிருப்பீர்கள்.

அப்போஸ்தலன் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 8ஆம் அதிகாரத்தை இந்த நினைப்போடு ஒருமுறை படியுங்கள். விக்கிரகத்துக்குப் படைத்த கறியைச் சாப்பிடலாமா கூடாதா என்பதுதான் அங்கே சண்டை. சிலர், விக்கிரகம் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தவர்கள், தாராளமாகச் சாப்பிட்டார்கள். நேற்றுவரைக்கும் அந்தக் கோயிலிலேயே கிடந்தவனால் முடியவில்லை, வாயில் வைத்தால் மனசாட்சி குத்துகிறது. பவுல் அவனை விவரம் தெரியாதவன் என்று ஒதுக்கவில்லை. என் சகோதரனுக்கு இடறலாக இருக்குமானால் நான் என்றைக்குமே கறி சாப்பிடமாட்டேன் என்றார். ஆகவே, ஹாலுக்கு டிவி இப்போதைக்கு வேண்டாம். இதை நீங்கள் முனகாமல் விட்டுக்கொடுங்கள். குடியை விட்டவன் வீட்டில் பிராந்திப் பாட்டில் வைக்கமாட்டீர்கள் இல்லையா, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதே பவுல் ரோமருக்கு எழுதும்போது 14ஆம் அதிகாரத்தில் இன்னொரு பக்கத்தையும் பிடிக்கிறார். சாப்பிடுகிறவன் சாப்பிடாதவனை அற்பமாக எண்ணக்கூடாது, சாப்பிடாதவன் சாப்பிடுகிறவனைக் குற்றவாளி என்று தீர்க்கக்கூடாது. உங்கள் வீட்டில் இரண்டாவது பாதி ஆடிப்போயிருக்கிறது. கணவருக்கு விஷமாக இருந்தது மகனுக்கும் அதே அளவில் விஷம் என்று சொல்ல முடியாது. பையன் எந்த மன்றத்திலும் இருந்ததில்லை, அவனுடைய ஆபத்து வேறு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

சபைகள் என்ன சொல்கின்றன என்று கேட்பீர்கள். ஒன்றும் ஒரே குரலில் சொல்லவில்லை, எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. கி.பி. 200 வாக்கில் கர்த்தேஜ் நகரத்தில் தெர்த்துல்லியன் என்பவர், கிறிஸ்தவன் ரோமர்களின் ஆட்டம் பாட்டம் பந்தயம் எதற்கும் போகக்கூடாது என்று ஒரு முழுப் புத்தகமே எழுதினார். கடைசி அத்தியாயத்தில், இதையெல்லாம்விடப் பெரிய காட்சி ஒன்று வரப்போகிறது, கடைசி நாளில் நம்மைத் துன்புறுத்தினவர்கள் எரிவதைப் பார்ப்போம் என்று குதூகலிக்கிறார். வேடிக்கை பார்க்கும் ஆசையை அவரால்கூட முழுசாக விட முடியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றும். கத்தோலிக்கர்களில் 1936இல் போப் 11ஆம் பயஸ் சினிமாவைப் பற்றியே தனியாக ஒரு சுற்றுமடல் எழுதி, கெட்ட படங்களைப் பார்க்கமாட்டோம் என்று விசுவாசிகள் உறுதி எடுப்பதை வரவேற்றார். அமெரிக்காவில் லட்சக்கணக்கான பேர் அப்படிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆனால் அதே மடலில் நல்ல சினிமா மனுஷனை உயர்த்தும் என்றும் சொல்லியிருக்கிறது. 1995இல், சினிமாவுக்கு நூறு வயசானபோது, வத்திக்கானே 45 நல்ல படங்களின் பட்டியலை வெளியிட்டது. நம் பக்கத்து சி.எஸ்.ஐ. வீடுகளில் பெரும்பாலும் ‘அளவோடு பாருங்கள்’ என்பதோடு சரி. அளவு எது என்று எந்தச் சபை ஐயரும் பிரசங்கத்தில் சொல்லி நான் கேட்டதில்லை. பெந்தெகொஸ்தே சபைகளில் ‘தொடவே தொடாதே’. உங்கள் வீட்டுக்குள்ளேயே இந்த இரண்டு பக்கமும் கல்யாணம் பண்ணிக்கொண்டு குடியிருக்கிறது.

உங்கள் கணவரின் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதற்காக ஒரு பழைய சம்பவம் சொல்கிறேன், அவருக்கும் படித்துக் காட்டலாம். பழைய காலத்துச் சபைப் பெரியவர் அகுஸ்தீன் தன் வாழ்க்கையைச் சொல்லும்போது அலிப்பியுஸ் என்ற நண்பனைப் பற்றி எழுதுகிறார். சட்டம் படிக்க ரோமாபுரிக்குப் போன பையன். ஆளை ஆள் வெட்டிச் சாய்க்கும் அரங்கத்து விளையாட்டு அவனுக்கு அருவருப்பு. ஒருநாள் சாப்பாடு முடித்து வந்த கூட்டாளிகள் அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். உடம்பைத்தானே இழுக்கிறீர்கள், என் கண்ணை இழுக்க முடியாது என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கண்ணை இறுக மூடி உட்கார்ந்துகொண்டான். காதை மூடத்தான் மறந்துபோனான். ஒருத்தன் வெட்டுப்பட்டு விழ, கூட்டம் மொத்தமும் கத்த, என்னதான் நடக்கிறது என்று ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்தான். முடிந்தது. அதற்கப்புறம் அவனே போக ஆரம்பித்தான், மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போனான்.

இதைக் கேட்டால் உங்கள் கணவர் ‘பார்த்தாயா, இதைத்தானே சொன்னேன்’ என்பார். சொல்லட்டும். ஆனால் அலிப்பியுஸ் பார்த்தது படுக்கைக் காட்சி இல்லை, ரத்தம். அவன் கண்ணைத் திறக்கவைத்தது கூட இருந்தவர்களின் சத்தம். அதே அலிப்பியுஸ் பிற்காலத்தில் மனம் திரும்பி, தன் சொந்த ஊரான தகஸ்தேக்கே பிஷப் ஆனார். ஒரு தடவை கண் திறந்ததோடு அவர் கதை முடியவில்லை, உங்கள் மகன் கதையும் முடியாது.

ரத்தம் என்று சொன்னேன். நம் கிறிஸ்தவ வீடுகளில் ‘ஆபாசம்’ என்றால் உடனே உதட்டு முத்தமும் துணி குறைவதும்தான். உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தபோது ஒன்று கவனித்தேன். அந்தக் காட்சி வந்தபோதுதான் எல்லாரும் ரிமோட்டைத் தேடினீர்கள். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் அந்தப் படத்தில் என்ன ஓடியது? எந்தப் படம் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் ஊகிக்கிறேன். ஒரு பெண் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஹீரோ பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னால் போயிருப்பான், பின்னணியில் பாட்டு ஓடியிருக்கும். குண்டாக, கறுப்பாக இருக்கிற ஒரு பெண்ணை வைத்துக் காமெடி என்று ஏதோ நடந்திருக்கும், உங்கள் மகள் சிரித்திருப்பாள். நம் ஊர்ப் பெயர் வந்ததும் ஒருத்தன் முதுகுக்குப் பின்னாலிருந்து அரிவாளை உருவியிருப்பான். மதுரை என்றால் அரிவாள் என்று தமிழ்நாட்டுக்கே பாடம் நடத்தி முடித்துவிட்டார்கள், நாமும் விசிலடித்து அதற்கு டிக்கெட் எடுத்தோம். இன்ன சாதிக்காரன் என்று பெயர் சொல்லாமலே மீசையும் பாட்டும் வைத்து ஒரு சாதிப் பெருமையைத் தூக்கிப் பிடிக்கிற படத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, ‘நல்ல படம், ஒரு தப்பான சீனும் இல்லை’ என்று என்னிடமே சொன்ன விசுவாசிகள் உண்டு. என்னைக் கேட்டால் அந்தப் படுக்கைக் காட்சியைவிட இது பிள்ளைகளுக்குள் ஆழமாக இறங்கும், ஏனென்றால் இதற்கு யாரும் கண்ணை மூடுவதில்லை.

அப்போ எதை வைத்து அளப்பது? பிலிப்பியர் 4:8ஐ எல்லாரும் சொல்வார்கள், கற்புள்ளவை, அன்புள்ளவை, நற்கீர்த்தியுள்ளவை. அந்த வசனம் முதலில் சொல்வது ‘உண்மையுள்ளவை’. அதைப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். வேதமே உண்மைக்காக எவ்வளவு அசிங்கத்தைச் சொல்கிறது! ஒரு பெண்ணைக் கூட்டமாக ராத்திரி முழுக்கச் சீரழிக்கிற நியாயாதிபதிகள் 19ஆம் அதிகாரத்தை ஒரு எழுத்து மாற்றாமல் படம் எடுத்தால் ‘ஏ’ சான்றிதழ்தான் கிடைக்கும், அதுவும் கெஞ்சி வாங்கவேண்டும். தாவீது ராஜா மாடியில் உலாத்தும்போது ஒரு பெண் குளிப்பதைப் பார்த்தான், வரவழைத்தான், அவள் புருஷனைப் போர் முனையில் நிறுத்திச் சாகடித்தான். ஒரு முழு மசாலாப் படத்துக்கு உண்டான சரக்கு. ஓய்வுநாள் பள்ளியில் இதைப் படித்துத்தானே நாம் எல்லாரும் வளர்ந்தோம்? நாம் கெட்டுப்போகாததற்குக் காரணம், அந்தக் கதை அடுத்த அதிகாரத்தில் எங்கே போய் நிற்கிறது என்பதுதான். நாத்தான் தீர்க்கதரிசி வருகிறார். அவரும் பிரசங்கம் பண்ணவில்லை, ஒரு கதைதான் சொல்கிறார், ஏழை ஒருவன் மடியில் வைத்து வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிச் சமைத்த கதை. தாவீது கோபத்தில் கொதித்தபோது ‘நீயே அந்த மனுஷன்’ என்றார்.

நான் என் வீட்டில் பிள்ளைகளுக்குக் கொடுத்த அளவுகோல் இதுதான்: இந்தப் படம் மாடியில் நிற்கிற தாவீதின் பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கச் சொல்கிறதா, இல்லை நாத்தானின் பக்கத்தில் நின்று கேட்கச் சொல்கிறதா? எட்டிப் பார்க்கச் சொல்கிற படத்தில் துணி ஒன்றும் குறையாமலே இருக்கலாம். நாத்தானின் பக்கம் நிற்கிற படத்தில் கெட்ட வார்த்தையும் ரத்தமும் இருக்கலாம். சில படங்கள் இரண்டு மணி நேரம் தாவீதோடு மாடியில் நின்றுவிட்டு, கடைசி ஐந்து நிமிஷம் நாத்தான் வேஷம் போடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் பதினாறு வயசுப் பையனுக்கு வயர் வெட்டினால் வராது, கூட உட்கார்ந்தால்தான் வரும்.

பாஸ்டரிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால் மரியாதையோடு இன்னொன்றும் சொல்லலாம். ‘ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்’ என்ற வசனத்தைத்தான் சினிமாவுக்கு எதிராக அதிகம் எடுப்பார்கள். அந்த வரியே மெனாந்தர் என்ற கிரேக்க நாடகக்காரருடையது என்று வேத அறிஞர்கள் சொல்கிறார்கள். அவர் எழுதினது காமெடி நாடகங்கள், காதலும் கலாட்டாவுமாக இருக்கும். பவுலுக்கு அந்த வரி எப்படியோ காதில் விழுந்து மனசில் நின்றிருக்கிறது, கொரிந்தியருக்கும் அது தெரிந்திருக்கும் என்று நம்பி எழுதியிருக்கிறார். இதை விவாதத்தில் ஜெயிக்கிற தொனியில் சொல்லாதீர்கள், பாஸ்டர்களுக்கு அது பிடிக்காது.

சரி, ஒளிக்கிற விஷயம். என் தாத்தா மானாமதுரைப் பக்கம் ஒரு கிராமத்தில் உபதேசியார். கூத்து பார்க்கக்கூடாது, பிறகு டாக்கி பார்க்கக்கூடாது. அப்பா மதுரையில் தங்கிப் படித்தார். ஊருக்கு எழுதும் கடிதத்தில் ‘சாயங்காலம் விக்டோரியா எட்வர்டு ஹால் வாசகசாலைக்குப் போய்வருகிறேன்’ என்று தவறாமல் எழுதுவாராம். பழைய மதுரைக்காரர்களுக்கு இப்போதே சிரிப்பு வந்திருக்கும். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிற அந்தக் கட்டிடத்தில் அப்போது பகலில் வாசகசாலை, சாயங்காலம் ஆனால் ரீகல் தியேட்டர், இங்கிலீஷ் படம். ஒரு எழுத்துகூடப் பொய் எழுதவில்லை என்று அப்பா பெருமையடிப்பார், ஆனால் தாத்தாவை அடக்கம் பண்ணின பிறகுதான் அதை எங்களிடம் வாய்விட்டுச் சொன்னார். அந்த அப்பாவே எங்கள் வீட்டில் டிவி வாங்க விடவில்லை. நாங்கள் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்க எதிர்வீட்டு ஜன்னலில் தொங்கினோம், கேட்டால் கணக்குப் பாடம் கேட்கப் போனோம். மூன்று தலைமுறையாக ஒருத்தரும் கெட்டுப்போகவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தாத்தாவும் அப்பாவும், அப்பாவும் நாங்களும், மனசுக்குப் பட்ட ஒரு விஷயத்தையும் உட்கார்ந்து பேசினதில்லை, வெறும் சினிமா மட்டும் இல்லை, எதையுமே.

உங்கள் மகனிடம் வருகிறேன். அவன் பார்த்தது என்ன என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா? கடிதத்தில் ‘ஏதோ வெப் சீரிஸ்’ என்றுதான் இருக்கிறது. எண்ணெய் பூசுகிற வரைக்கும் போன பிறகும் அது எந்தத் தொடர், எதற்காகப் பார்த்தான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. போலீஸ் கதையாக இருக்கலாம், வகுப்பில் எல்லாரும் பேசுகிற தொடராக இருக்கலாம், அதைப் பார்க்காதவன் இடைவேளையில் ஒதுங்கி நிற்கவேண்டியிருக்கும். இல்லை, நேரடியாகவே ஆபாச வீடியோவாக இருக்கலாம். அப்படியானால் அது சினிமா விவகாரமே இல்லை, வேறு பேச்சு: பழக்கமாகிவிட்டதா, யார் அனுப்பினார்கள், இவன் யாருக்காவது அனுப்பினானா என்று பார்க்கவேண்டும். வயசில் பெரியவர் யாராவது கெட்ட நோக்கத்தோடு பையனுக்கு அதைக் காட்டியிருந்தால் பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தில் அது குற்றம், குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் பண்ணலாம், என்னையும் வந்து பார்க்கலாம். பெரும்பாலும் அவ்வளவு தூரம் இருக்காது, ஆனால் கேட்காமல் தெரியாது.

முதலில் அப்பா மன்னிப்புக் கேட்கவேண்டும். படம் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம், ‘உன்னை எல்லார் முன்னாலும் நிறுத்தினது என் தப்பு’ என்று மட்டும். கணவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தவிப்பீர்கள். எபேசியர் 6:4 அவருக்குத் தெரியும், பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று தகப்பன்மாரிடம்தான் சொல்லியிருக்கிறது. மத்தேயு 18:15ம் தெரியும், சகோதரன் தப்புப் பண்ணினால் முதலில் தனியாகப் போய்ச் சொல்லு, சபைக்குக் கொண்டுபோவது அதற்கெல்லாம் கடைசியில். சபையில் ஒரு மூப்பர் தப்புப் பண்ணியிருந்தால் இந்த வரிசையில்தானே போயிருப்பீர்கள் என்று கேளுங்கள். பிள்ளைகள் தூங்கின பிறகு, குரலை ஏற்றாமல். அவர் மன்ற காலத்துக் கதையை மகனுக்குச் சொல்லச் சொல்லுங்கள். சாட்சி சொல்லும்போது சபையில் சொல்லியிருப்பார், மைக்கில், ராகத்தோடு. அது வேண்டாம். அந்தக் கம்மலை மீட்க முடியாமல் அவர் அம்மா என்ன சொன்னார்கள் என்பதை மொட்டை மாடியில் உட்கார்ந்து மகனிடம் மட்டும் சொல்லட்டும். (கம்மல் என் கற்பனை, உங்கள் வீட்டில் வேறு ஏதாவது போயிருக்கும்.)

ராத்திரி ஒரு மணி என்பதை நான் தனியாகப் பார்க்கிறேன். அந்த வயசுக்கு எட்டு மணி நேரத் தூக்கமாவது வேண்டும், பைபிள் படித்துக்கொண்டு ஒரு மணி வரை முழித்திருந்தாலும் நான் திட்டுவேன். பத்து மணிக்கு எல்லாப் போனும் ஹாலில் சார்ஜருக்கு வரட்டும். எல்லாப் போனும் என்றால் உங்களுடையதும் கணவருடையதும் சேர்த்து. பாஸ்டரின் ராத்திரி வாட்ஸ்அப் ஜெபக்குறிப்பு காலையில் படித்தாலும் கர்த்தர் கேட்பார்.

சான்றிதழ்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அதை முழுசாக நம்பவும் வேண்டாம். தியேட்டர் படத்துக்குத் தணிக்கை வாரியம் யு, யு/ஏ, ஏ என்று கொடுக்கிறது. 2023இல் சட்டத்தைத் திருத்தி, யு/ஏவை 7 வயசு, 13 வயசு, 16 வயசு என்று மூன்றாகப் பிரித்தார்கள். ‘ஏ’ படத்துக்குப் பதினெட்டு ஆகாதவர்களைத் தியேட்டரில் விடக்கூடாது. யு/ஏ வயசு என்பது பெற்றோருக்கான வழிகாட்டல்தான், தீர்மானிக்கவேண்டியது நீங்கள். ஓடிடிக்கு வாரியம் கிடையாது, 2021ஆம் வருஷத்து விதிகளின்படி அந்தந்த நிறுவனமே வயசு குறிக்கவேண்டும், 13க்கு மேற்பட்ட யு/ஏ எல்லாவற்றுக்கும் பெற்றோர் பூட்டு வசதி கொடுக்கவேண்டும், என்ன மாதிரி விஷயம் இருக்கிறது என்றும் தொடக்கத்திலேயே காட்டவேண்டும். ‘வன்முறை, மது, வசைமொழி’ என்று மூலையில் ஒரு வரி வந்து, நாம் மிக்சர் தட்டை எடுத்து வைப்பதற்குள் மறைந்துவிடுமே, அதுதான். உங்கள் மகள் பிறந்தநாளன்றும் அது வந்திருக்கும். மகளுக்குத் தனி புரொபைல் போட்டுப் பின் நம்பர் வையுங்கள், வயரிங் தெரிந்த மனுஷனுக்கு அது ஐந்து நிமிஷ வேலை. மகனுக்கும் ‘ஏ’வைப் பூட்டுங்கள், ஆனால் பூட்டியிருக்கிறோம் என்று அவனிடம் சொல்லிப் பூட்டுங்கள். வெளியே கூட்டாளி போனில் பார்ப்பான், தெரிந்த விஷயம்தான்.

கூட உட்கார்ந்து பார்ப்பது என்றேன், டிவியோ வீட்டில் இல்லை. பசுமலையில் உங்கள் அப்பா வீட்டில் இருக்குமே? மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே போங்கள், மகனே படத்தைத் தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் விமர்சனம் ஒன்றைப் படித்துவிட்டுச் சரி சொல்லுங்கள். கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும், எந்தப் படம் என்பது உட்பட. அவர் வர விரும்பாவிட்டால் கட்டாயப்படுத்தாதீர்கள். மறைத்துப் போனால் எங்கள் அப்பாவின் வாசகசாலைதான். படம் ஓடும்போது பாடம் நடத்தாதீர்கள். ஏதாவது சங்கடமான காட்சி வந்தால் தாண்டிவிடுங்கள், ‘இது வேண்டாம்ப்பா’ என்று ஒரு வார்த்தை போதும், ஸ்தோத்திரமும் வேண்டாம் கட்டிங் பிளேயரும் வேண்டாம். பேச்சைத் திரும்பி வரும்போது ஸ்கூட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். திருப்பரங்குன்றம் ரோட்டு நெரிசலில் மெதுவாகத்தான் போக முடியும், பின்னால் உட்கார்ந்து வருகிற பையனுக்கு அம்மா முகத்தைப் பார்க்கவேண்டிய அவசியமில்லை, அதனால் பேசுவான். அந்த வயசுப் பையன்கள் என் அறையில் நாற்காலியில் உட்கார்ந்து பேசினதைவிட, படி இறங்கிக்கொண்டே பேசினதுதான் அதிகம். அந்த வில்லன் ஏன் அப்படிப் பண்ணினான், அந்தப் பொண்ணுக்குச் சம்மதமா இல்லையா என்று யாராவது கேட்டார்களா, இப்படி ஒன்றிரண்டு கேளுங்கள். அவன் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காதீர்கள்.

வாலிபர் கூட்டத்துக்கு இப்போது தள்ளாதீர்கள். அவமானப்பட்ட இடத்துக்கு யாரும் மறு வாரம் போகமாட்டார்கள், நீங்களும் போகமாட்டீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. மகனிடம் அந்தச் சீரியல் விஷயத்தை நீங்களே சொல்லுங்கள். தினமும் சாம்பார் கொதிக்கும்போது காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, மாமியாரைப் பழிவாங்கத் துடிக்கிற மருமகளையும், கன்னத்தில் அறைந்தால் மூன்று கோணத்தில் மூன்று தடவை காட்டுகிற அந்தக் கண்றாவியையும் பார்க்கிறேன், நிறுத்த முடியவில்லை என்று. அவன் முதலில் நம்பமாட்டான், அப்புறம் சிரிப்பான். சிரிக்கட்டும். இத்தனை நாளாக அந்த வீட்டில் அவன் ஒருத்தன்தான் பாவி என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். பிறகு கணவரிடமும் சொல்லுங்கள், அவர் உங்கள் போனை எடுத்துக்கொண்டு பாஸ்டரிடம் போனால் உடனே எனக்கு எழுதுங்கள், நானே வந்து பேசுகிறேன்.

அரையாண்டுப் பரீட்சை நெருங்குகிறது, ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் செய்யவேண்டாம். இந்த வாரம் இயர்போனைக் கழற்றுவது மட்டும். பரீட்சை முடிந்ததும் வீட்டு நிலவரத்தை எழுதுங்கள். அந்த மருமகள் கடைசியில் என்ன பண்ணினாள் என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது, நானும் நடுவில் விட்டுவிட்டேன்.